பள்ளிகொண்டா, அதிகாலை 5.12

அரவேணுவில் முதல் பஸ் இன்னும் கிளம்பவில்லை.
தலையணைக்கு அடியில் போன் ஒருமுறை துடித்தது.
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, நூற்றுப் பத்து ரூபாய்
உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது,
பயணம் இனிதாகட்டும்.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
வண்டி கொட்டகையில்தான் நின்றது,
நீலத் தார்ப்பாய்மேல் பனி,
பின்சக்கரம் காற்றிறங்கி ஒருபக்கம் சாய்ந்து,
பல்வலிக்காரன் தூங்குவதுபோல.
பேட்டரியைக் கழற்றி இரண்டு வருடமாகிறது.

தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
கிரிதரன் பேசுகிறேன் மேடம் என்றான்.
போகவில்லை என்றேன்.
போகாததற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்றான்.

போனதற்கென்றால் ஒரு பீரோ நிறைய இருக்கிறது.

டார்ச்சோடு போய் நாலு படம் எடுத்தேன்.
கண்ணாடி ஓரத்தில் பாசி. வைப்பர் இடுக்கில் சீகை இலை.
காட்டெருமை முதுகு சொறிந்து வளைத்த பக்கக் கண்ணாடி.
உள்ளே, நடுவில், டேக் மட்டும்
ஒட்டிய அன்றைக்குப்போல் நேராக.

பணம் திரும்பி வந்தது. மறந்தும் போனேன்.

மறுபடி பள்ளிகொண்டா. 5.40.
இந்தமுறை ஒரு பெண் விளக்கினாள்:
கருவி படிக்காவிட்டால் எண்ணைக் கையால் அடிப்பார்கள்,
மூன்று எட்டாகத் தெரிந்திருக்கும் மேடம்,
அதுவும் உங்கள் மாவட்ட வண்டிதான்,
ஒரே ஓர் எண்தான் வித்தியாசம்.

மூன்றாவது முறை
யாரையும் கூப்பிடவில்லை.
தேயிலைத் தொழிற்சாலைக் காலண்டரை இறக்கி
விரல்வைத்து எண்ணினேன்.
இருபத்தொன்று.
அதற்கு முன்னும் இருபத்தொன்று.

எனக்குத் தெரிந்த கணக்கு.
நாக்கில் உப்பு மறுபடி உறைக்க ஆரம்பிக்கும்போது
மறுபடி கிளம்பவேண்டிய நாள் வந்துவிடும்.
இரவு பத்துக்கு எடுத்தால்
குஞ்சப்பனை வளைவுகளில் மெல்ல இறங்கி,
சேலம் தாண்டி ஒரு டீ,
விடியும்முன் பள்ளிகொண்டா,
ஏழுமணிக்கு வேலூரில் டோக்கன் வரிசை.
பதினொரு முறையும் நான்தான் ஓட்டினேன்.
பின்சீட்டில் பெள்ளிராஜ்,
மடியில் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி.
வாளிக்கு என் தம்பி பெயரை வைத்திருந்தார்.

சாவடிக்குச் சாவடி அவருக்கு ஒரே குறை:
காசு போகுது, ஒருத்தனும் மூஞ்சியைப் பார்க்கலை.
தடுப்பு தானாக எழும். அப்போதும் கை தூக்குவார்
யாருமில்லாத கண்ணாடிக் கூண்டுக்கு.

ஒருமுறை டேக் படிக்கவில்லை.
பின்னால் ஹாரன், ஹாரன்.
கைக்கருவியோடு ஓடிவந்த பையன்
கண்ணாடிக்கு நேரே அதை நீட்டியவன்
உள்ளே பார்த்தான்.
கருவி பீப் என்றதா இல்லையா ஞாபகமில்லை.
அக்கா, மெதுவா போங்க என்றான்.
ஊசி ஏறி முடியும்வரை
அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்,
எந்த ஊராயிருப்பான், சாப்பிட்டிருப்பானா என்று.

என் எட்டு இருக்கும் இடத்தில்
மூன்று உள்ள ஒரு வண்டி.
குன்னூரோ, எல்லநள்ளியோ.
ஓட்டுவது யார், படுத்திருப்பது யார்.
அவர்களுடைய டேக் தேய்ந்துவிட்டது,
மாற்றச் சொல்லவேண்டும்.
பெயர் கேட்டேன்.
தனிநபர் விவரம் மேடம், தரமுடியாது.

புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா?
பெறுகிறேன்.
காரணம்?
வண்டி போயிருக்கிறது என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கில் ஐந்நூறு ஏற்றியிருக்கிறேன்.
கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு எதற்கு என்று
வங்கியில் வேலைபார்க்கும் மருமகள் கேட்டாள்.
பின்சக்கரம் பார்க்க ஹென்றி வருகிறான் என்றேன்.
அவன் வருவதாகச் சொன்னது போன வருடம்.

இன்று இருபத்தொன்று.
நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது.
போனை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன்,
அங்கேதான் சிக்னல் நிற்கும்.
ஐந்து பன்னிரண்டு.
ஐந்து நாற்பது.
ஆறுக்கு அரவேணு பஸ் முனகிக்கொண்டு ஏறுகிறது.
ராத்திரி முழுக்கக் கீழே மழையாம்,
பர்லியாரில் மரம் விழுந்திருக்கிறதாம்.
நேரமாகத்தான் செய்யும்.